பத்தாம் வகுப்பில் இருந்த பையன் பன்னிரண்டில் எங்கே?



மே மாதம் வந்தால் செய்தித்தாள்களில் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. பொதுத்தேர்வில் வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி. 2025 மே 8 அன்று வந்த பிளஸ் டூ முடிவில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16 சதவீதம். அடுத்த வாரம் வந்த பத்தாம் வகுப்பு முடிவில் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. பெண் பிள்ளைகள் கெட்டிக்காரிகள், பையன்களுக்கு விளையாட்டுப் புத்தி என்று சொல்லிச் சிரித்துவிட்டு நாமும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். மூன்றரை, நாலு சதவீத வித்தியாசம்தானே, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. தேர்வு அறைக்கே வராதவன் அதில் சேரமாட்டான். அவனையும் சேர்த்து எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2025-ல் பிளஸ் டூ எழுதியவர்கள் பெரும்பாலும் 2023-ல் பத்தாம் வகுப்பு எழுதிய அதே பிள்ளைகள்தான். 2023-ல் தமிழ்நாடு முழுவதும் பத்தாம் வகுப்பு எழுதிய மாணவர்கள் 4,59,303 பேர். மாணவிகள் 4,55,017 பேர். ஏறக்குறைய சரிபாதி, பையன்கள் கொஞ்சம் கூடுதல். இரண்டு ஆண்டு கழித்து பிளஸ் டூ எழுத வந்த மாணவிகள் 4,19,316 பேர். மாணவர்கள் 3,73,178 பேர் மட்டுமே.

கழித்துப் பாருங்கள். பெண்களில் 35,701 பேர் குறைந்திருக்கிறார்கள். பையன்களில் 86,125 பேர். பத்தாம் வகுப்பில் இருந்த நூறு பெண்களில் ஏறத்தாழ 8 பேர் பிளஸ் டூவில் இல்லை; நூறு பையன்களில் ஏறத்தாழ 19 பேர் இல்லை. செய்தித்தாளில் நாலு சதவீதமாகத் தெரிந்த வித்தியாசத்தின் உண்மையான அளவு இது.

இல்லாமல் போனவர்கள் எல்லாருமே படிப்பை விட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் சேருகிறவர்களில் பையன்களே அதிகம். சிலர் வேறு பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பார்கள். அவர்களைக் கழித்துக்கொள்வோம். ஆனால் அதே 2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறாத பெண்கள் 24,307 பேர், தேறாத பையன்கள் 54,399 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். தேறாதவனுக்கு பாலிடெக்னிக்கில் இடமில்லை. அவன் துணைத்தேர்வு எழுதி மீண்டு வந்தானா, கடைக்கு வேலைக்குப் போனானா என்பதுதான் கேள்வி.

இவை எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்த எண்கள். நம் கதையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். ஒரு பள்ளி வேலைநாளில் காலை பதினோரு மணிக்கு நெல்பேட்டை, கோரிப்பாளையம், மஹபூப்பாளையம், வில்லாபுரம் பக்கம் ஒரு நடை நடந்தால் போதும். மேலூரிலோ திருமங்கலத்திலோ கடைவீதியைப் பார்த்தாலும் சரிதான். கறிக்கடையில் நிற்பவன், செல்போன் கடையில் ஸ்கிரீன் மாற்றுகிறவன், டூ வீலர் ஒர்க் ஷாப்பில் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருப்பவன், புரோட்டாக் கடைக்கு மாவு பிசைய மதியமே வந்துவிடுகிறவன். இவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களிடம் வரும் மனுக்களும் அதையே சொல்கின்றன. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வருபவை பெண் பிள்ளைகளின் பெயரில்தான் அதிகம். பையனுக்காக வரும் அத்தாமார்கள் பெரும்பாலும் விசாவுக்கோ கடை வைக்கவோ கைமாற்று கேட்டுத்தான் வருகிறார்கள்.

அன்று இருந்த நிலை வேறு

இது என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. நம் முன்னோர்கள் கல்விக்கூடம் கட்டப் புறப்பட்டபோது பையன்களை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-ல் தொடங்கின. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955-ல், உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல், இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி 1970-ல் வந்தன. பெண்களுக்கென்று சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955-லேயே கல்லூரி தொடங்கிவிட்டார். ஆனால் நம் பக்கத்துக் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது 1988-ல்தான். அதுவரை மதுரையில் நம் வீட்டுப் பெண்களில் படிக்க அனுமதி கிடைத்த சிலர் லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று போனார்கள். அந்தக் காலத்து வீடுகளில் பெண்ணை வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதும், பையனை எப்படியாவது பி.ஏ. வரை தள்ளிவிடுவதும் வழக்கம்.

ஒரு தலைமுறைக்குள் இது மாறியது தானாக நடந்ததல்ல. அரசு பெண் கல்விக்கென்று தனியாகச் செலவு செய்தது. 1989-ல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் பணம் என்று வைத்தது. கல்யாணச் செலவுக்காகவாவது பெண்ணைப் பள்ளியில் விட்டுவைத்த வீடுகள் அப்போது பல உண்டு. அதே திட்டம்தான் 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. நம் மஹல்லாக்களிலும் ஜும்ஆ பயான்களில் பெண் கல்வி பற்றிப் பேசாத ஆண்டு இல்லை. கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று ஹஜ்ரத்மார்கள் சொல்லிச் சொல்லி, அது நம் தாய்மார்களின் மனதில் ஏறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். பையனைப் பற்றி யாரும் அப்படிப் பேசவில்லை. அவன் எப்படியும் படிப்பான் என்று நினைத்துவிட்டோம்.

தேசிய அளவில் பாருங்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் இருந்த முஸ்லிம் மாணவர்கள் 21.1 லட்சம் பேர். அதில் பெண்கள் 10.54 லட்சம், அதாவது ஏறக்குறைய சரிபாதி. நம் சமுதாயத்துப் பெண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள் என்று இன்னமும் மேடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

பையனுக்கு என்ன குறை?

அறிவில் குறை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிளஸ் டூ வரை நின்றுவிட்ட பையன்களில் நூற்றுக்கு 93 பேர் தேறுகிறார்கள். வித்தியாசம் புத்தகத்தோடு உட்காரும் நேரத்தில் இருக்கிறது. ஓ.இ.சி.டி. என்ற அமைப்பு 2012-ல் பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய பீசா தேர்வில், வீட்டுப்பாடத்துக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள் என்றும் கேட்டது. பெண்கள் ஐந்தரை மணி நேரம், பையன்கள் நாலரை மணி நேரம் என்று வந்தது. 2015-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த டிம்ஸ் என்ற சர்வதேசக் கணிதத் தேர்வில் ஓமான், பஹ்ரைன், ஜோர்டான், மலேசியா ஆகிய நாடுகளில் பெண்களே முந்தினார்கள். நம் வீட்டு ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நாடுகளும் இதில் இருக்கின்றன.

மதுரை வீட்டுக்கு வருவோம். மஃரிப் பாங்கு சொல்லும்போது பெண் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் போக வேறு இடமில்லை; படிக்கிறாள். பையன் தெருவில் இருக்கிறான். எங்கே போனான் என்று கேட்பவர் இல்லை. ஒன்பது மணிக்கு வந்தால் சோறு, பிறகு போன். மகளின் ரேங்க் கார்டை உற்றுப் பார்க்கும் அத்தா மகனுடையதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். இது செல்லம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பையனுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும், அக்காள் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தாலும், முதலில் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறவன் மகன்தான். பதினைந்து வயதுப் பையன் குடும்பத்தைத் தாங்குகிறான் என்று உறவில் பெருமையாகப் பேசுவார்கள். அவன் கையில் வாரச் சம்பளம் வந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் குனிந்து உட்காரச் சொன்னால் உட்காரமாட்டான்.

படித்தால் மட்டும் நமக்கு யார் வேலை கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006-ல் தந்த அறிக்கையிலும், படிப்புக்கேற்ற வேலை கிடைக்காது என்ற எண்ணம் முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பாதிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த எண்ணத்துக்குக் காரணமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரி இடத்திலும் அரசு வேலையிலும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. அந்த 3.5 சதவீதத்தில் நிற்க வேண்டிய பையன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தவறியதோடு செருப்புக் கடையில் நின்றுகொண்டிருந்தால், ஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களின் உழைப்பு யாருக்குப் பயன்படும்?

வெளிநாடு போவதற்கும் அதே பத்தாம் வகுப்புதான். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். தேறாதவருக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு சவூதிக்கோ குவைத்துக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக, குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கு அலைய விரும்பாமல் விசிட் விசாவில் போய் மாட்டிக்கொண்டவர்களின் வேதனை நம் ஊர்களுக்குப் புதிதல்ல.

பெண்ணின் படிப்பையும் இதுவே நிறுத்துகிறது

பையன் படிக்காவிட்டால் நஷ்டம் பையனுக்கு, பெண் படித்து முன்னேறிக்கொள்வாள் என்று நினைத்தால் அது தவறு. நிக்காஹ் பேசும் இடத்தில் இரண்டும் வந்து சேர்கின்றன.

ஒரு வீட்டில் பெண் பி.எஸ்சி. முடிக்கிறாள். மேலே எம்.எஸ்சி., பி.எட். படிக்க ஆசை. சொந்தத்தில் பார்த்தால் மச்சான் முறைப் பையன் பத்தாவதோடு நின்றவன். ஜமாஅத்தில் விசாரித்தால் பட்டம் படித்த மாப்பிள்ளைகள் சிலர்தான், அவர்கள் பக்கம் எதிர்பார்ப்பும் அதிகம். அப்போது நன்னிமாவோ பெரியம்மாவோ சொல்வார்: "ஏம்மா, இதுக்கு மேல படிக்க வச்சா யாருக்குக் குடுப்பே? அந்தப் பயலுக ஒத்துக்கிருவானுகளா?" இந்தப் பேச்சைக் கேட்காத தாய் நம் ஊரில் இல்லை. அதோடு அவள் படிப்பு நிற்கிறது. அதைவிட வருத்தமானது, இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண்ணையே நிறுத்திவிடும் வீடுகள். பெண் தன் படிப்பைக் குறைத்துக்கொள்வது மாப்பிள்ளைகளின் படிப்பு குறைந்துபோனதால்.

அப்படி நடந்த கல்யாணங்கள் எல்லாம் கெட்டுப்போகின்றன என்று நாங்கள் சொல்லவரவில்லை. பட்டம் படித்த மனைவியும் கடை வைத்திருக்கும் கணவரும் ஒருவரை ஒருவர் மதித்து நடத்தும் குடும்பங்கள் நம் மஹல்லாவிலேயே உண்டு. கடையின் ஜி.எஸ்.டி. கணக்கை மனைவி பார்க்க, அதனால் வியாபாரம் வளர்ந்த வீடுகளும் உண்டு. ஆனால் பஞ்சாயத்துக்கு வரும் சில பிணக்குகளில், அவள் வேலைக்குப் போகலாமா என்ற சண்டைக்கு அடியில் கணவரின் கூச்சம் இருப்பதைப் பார்க்கிறோம். அவள் ஆங்கிலத்தில் பேசினால் இவருக்கு அவமானமாக இருக்கிறது. பதினாறு வயதில் அவர் கையில் இருந்த புத்தகத்தைப் பிடுங்கியபோது இதை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே பெண் கல்விக்குக் கொடுப்பதைக் குறைத்துப் பையனுக்குக் கொடுங்கள் என்பது இதற்கு மருந்தல்ல. அப்படிச் சிலர் எங்களிடமே கேட்டார்கள். பெண்ணுக்குத் தந்துகொண்டிருந்த கவனிப்பைப் பையனுக்கும் தர வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது செய்யக்கூடியவை

பத்தாம் வகுப்பில் தவறிய பையனுக்கு முடிவு வந்த வாரம்தான் முக்கியம். தவறியவர்களுக்கு அதே ஆண்டு ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் ஓர் ஆண்டு வீணாகாமல் அந்த ஆண்டே மேலே சேர்ந்துவிடலாம். அந்த வாரத்தில் வீட்டில் திட்டும் அடியும் விழுகின்றன. பையன் கோபத்தில் மாமா கடைக்குப் போய்விடுகிறான். விண்ணப்பிக்கும் தேதி தாண்டிவிடுகிறது. திட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் பள்ளிக்குப் போய் விண்ணப்பத்தைப் போடுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மே மாதம் வேலை கேட்டு வரும் பையனிடம், துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாயா என்று கேளுங்கள். கட்டவில்லை என்றால் எங்களிடம் அனுப்புங்கள்.

பணம்தான் தடை என்றால், 2024 ஆகஸ்ட் முதல் பையன்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து, பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. என்று எதில் சேர்ந்தாலும் கிடைக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடையாகாது. சேர்ந்த கல்லூரி வழியாகவே பதிவு செய்ய வேண்டும். பெண்ணுக்கு ஆயிரம் வருவது தெரிந்த வீடுகளில்கூடப் பையனுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. இது கல்லூரிக்கான பணம்; பத்தாம் வகுப்பில் நின்றவனை எட்டாது. அவனுக்கும் குடும்பத்துக்கும் அந்த இரண்டு ஆண்டைக் கடக்க ஜகாத்திலிருந்தும் பைத்துல்மாலிலிருந்தும் உதவுவதில் முன்னுரிமை தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. அத்தா படுத்துவிட்ட வீட்டுக்கு மாதா மாதம் அரிசியும் மளிகையும் போய்ச் சேர்ந்தால், மகன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவான்.

ஹிஃப்ளு ஓதும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். படிப்பு நிற்பதற்கு மத்ரஸாதான் காரணம் என்று வெளியில் பேசுவது சரியல்ல. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மத்ரஸாவில் படிப்பவர்கள் 3 சதவீதம்தான் என்று சச்சார் குழுவே சொன்னது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு போய் மூன்றாண்டில் ஹாஃபிளாகித் திரும்பும் பிள்ளை, வயதுக்குச் சிறிய வகுப்பில் உட்காரக் கூச்சப்பட்டு அப்படியே நின்றுவிடுவது நடக்கிறது. தேர்வுத்துறை எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வர் தேர்வு நடத்துகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பத்தாம் வகுப்பு எழுதலாம். முழுக் குர்ஆனையும் மனனம் செய்த பிள்ளைக்கு சமூக அறிவியல் பாடம் ஒரு பாரமல்ல. ஓதும்போதே ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவே.

மக்தப் கூடங்கள் காலையில் நிறைந்திருக்கின்றன, மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அங்கே விளக்கும் மின்விசிறியும் போட்டு, எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பையன்களை உட்கார வைத்து, மஹல்லாவில் படித்த ஒருவரை மேற்பார்வைக்கு வைக்கலாம். பாடம் நடத்தக்கூட வேண்டாம். போன் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் புத்தகத்தோடு இருந்தால் போதும். நம் மஹல்லாக்களில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் அவர்கள் அதே நேரத்தில் நடத்த முன்வந்தால், அதற்குரிய ஊதியத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக, சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று குறிப்பிட்ட சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஓடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு எழுதும்போதே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெற்றோர் ஒருவரின் சாதிச் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். முகமது, முஹம்மது, மொஹமத் என்று ஒரே பையனுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், திருத்தம் செய்வதற்கே இரண்டு மாதம் ஆகிவிடும்.